அவர் சொன்ன புலியும் நான் கண்ட புலியும்

எங்கள் நாட்டுக் காடுகளில் வரிப்புலி கிடையாது. கல்முனைப் பக்கத்தில் புலி என்று சொன்னால் அது உடம்பெல்லாம் புள்ளி விழுந்த சிறுத்தைதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் என் கணவர் ஊருக்குச் சொன்ன புலிக்குப் புள்ளியும் இருந்தது, கேட்கிற ஆளைப் பொறுத்துச் சில நாட்களில் வரியும் இருந்தது.

எழுபதுகளின் கடைசிக் காலம். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தார்கள். கணவருக்குக் கல்முனை பசாரில் இரும்புக் கடை. ஆணி, பூட்டு, மண்வெட்டி, வாளி எல்லாம் விற்பார். நான் வீட்டில் தையல் மெசின் வைத்திருந்தேன். எங்கள் தெருப் பெண்கள் போட்ட சட்டைகளில் பாதி என் கையால் தைத்தவை. அளவு கொடுக்க வருபவர்கள் அளவோடு கதையும் கொண்டுவருவார்கள். ஊரில் என்ன நடந்தாலும் அது என் மெசினைத் தாண்டித்தான் போகவேண்டும்.

புலி பார்க்கும் ஆசை எனக்குச் சிறுவயதிலேயே பிடித்தது. வாப்பாவுக்குச் சாகாமக் குளத்துக்கு அப்பால் மாட்டுப் பட்டி இருந்தது. என் அண்ணன்மாரான காக்காமார் இருவரும் பள்ளி விடுமுறைக்கு அங்கே போவார்கள். ஒருமுறை திரும்பி வந்து, குளத்தில் புலி தண்ணீர் குடித்ததைக் கண்டோம் என்றார்கள். மூத்த காக்கா முற்றத்தில் நாலு காலில் நின்று நக்கிக் காட்டினார். என்னையும் கூட்டிப் போங்கள் என்று அழுதேன். "பொம்புளப் புள்ளைக்குப் பட்டியில என்ன வேல?" என்றார் வாப்பா. எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளைக்கு வான் வண்டி ஓட்டத் தெரியும் என்றார்கள். அப்படியென்றால் காட்டுக்குக் கூட்டிப் போவார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. மற்றப் பெண்கள் அந்த நேரத்தில் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

நான் நச்சரித்து நச்சரித்து ஒருவழியாகக் குமணைக்குப் போக அவர் சம்மதித்தார். பொத்துவிலும் பாணமையும் கடந்து, உகந்தைக்கு அப்பால் இருக்கிற காடு அது. பறவைக்குப் பேர்போன இடம், புலியும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் பயணம் என்பது ஒருவர் இருவர் போகிற விசயமல்ல. சொந்தத்தில் ஒருவருக்குச் சொல்லாமல் போனால் பெருநாளைக்குக்கூட முகம் கொடுக்கமாட்டார்கள். சொன்னால் வருவார்கள். கணவரின் உம்மாவான மாமி வந்தார், அவரின் மூத்த சகோதரியான மதினி வந்தார், அவருடைய பிள்ளைகள் வந்தார்கள், கடைசி நேரத்தில் பக்கத்து வளவிலிருந்தும் ஆள் ஏறியது. கூடவே ஒரு கிடாரம் நெய்ச்சோறு, இறைச்சிக் கறி, தொதல் இனிப்பு, எல்லோரும் சுற்றியிருந்து ஒன்றாய்ச் சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டுகள். வானுக்குள் எல்லோரும் பூசியிருந்த அத்தரில் எனக்குத் தலை சுற்றியது. காட்டிலுள்ள மிருகங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

காட்டு வாசலில் ஒரு வழிகாட்டி ஏறினார். சத்தம் போடாமல் இருக்கவேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். மாமி தலையாட்டினார். முதல் யானையைக் கண்டதும் அதே மாமி உரத்த குரலில் நபிமேல் ஸலவாத்துச் சொல்லத் தொடங்க, வானே சேர்ந்து சொன்னது. யானை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு மயிலையும் மாட்டையும் தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. மாடு எங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறது. வீரை மரத்தடியில் சஹன் வைத்தோம். வழிகாட்டியையும் இழுத்து உட்காரவைத்தார்கள். அவர் நன்றாகச் சாப்பிட்டார், அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

திரும்பும் வழியில் தூரத்துப் பாறையில் மஞ்சளாக ஏதோ ஒன்று தெரிந்தது. கணவர் பிரேக் அடித்தார். "அந்தா! அந்தா!" என்றார். எல்லோரும் ஒரே பக்கத்துக்குச் சாய, வான் சரிந்தது. நான் கண்ணிமைக்காமல் பார்த்தேன். அது ஒரு பட்ட கிளை. காற்று அடித்தபோது அதன் காய்ந்த இலைகள் ஆடின. அவர் அதற்குள் வானை எடுத்துவிட்டார்.

மறுநாள் கடைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் அவர் புலி கண்ட கதையைச் சொல்லியிருக்கிறார். அன்று அது பாறையில் படுத்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபோது எழுந்து நின்றுவிட்டது. மாதம் முடிவதற்குள் உறுமியது, வாலைச் சுழற்றியது, வானை நோக்கி இரண்டு பாய்ச்சல் பாய்ந்தது. இவர் வானைத் திருப்பிய விதத்தில்தான் எல்லோரும் உயிர் தப்பினோமாம். மாமியும் மதினியும் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத் தாங்களும் கண்டதாகவே நம்பிவிட்டார்கள்.

கதை என் மெசினுக்கும் வந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண் கையை விரித்து நின்றபடி கேட்டாள்.

"ஏன்கா, குமணையில புலி பாஞ்சதாமே? நீ பயந்திட்டயா?"

"நான் புலி காணல்ல," என்றேன்.

"உண்ட மாப்பிள கண்டாராமே?"

"அவர்ட்டக் கேளு. நான் காணல்ல."

அன்று பொழுதுபடுவதற்குள் இந்தப் பேச்சு தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டது. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஒரு சொல்லுத்தானே புள்ள? ஓமெண்டு சொன்னா உனக்கு என்ன கொறஞ்சிரும்?"

"எனக்குக் கொறையும். சின்ன வயசில இரிந்து ஆசப்பட்டது அது. காணாம கண்டனெண்டு சொன்னா, பொறகு உண்மையாக் கண்டாலும் அதுக்கு ருசி இரிக்காது."

"மனிசர் என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"திரும்பக் கூட்டிப் போங்க. கண்டா பள்ளிவாசல் மைக்கிலயும் சொல்லுறன்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணுடைய சீதன வீட்டுக்கு வருவார். வீடு என் பெயரில் இருந்தது. ஆகவே கோபம் வந்தால் நான் எங்கும் போகத் தேவையில்லை, அவர்தான் போகவேண்டும். அன்றிரவு தன் உம்மா வீட்டில் சாப்பிடப் போனார். மாமி முந்தின நாள் மீன்கறியைச் சூடாக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த நாள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார், ஆனால் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. பிள்ளைகள்தான் இரண்டு பக்கமும் தூது போனார்கள்.

அதன்பிறகு அவர் எங்கே கூப்பிட்டாலும் எனக்கு ஒரே பதில்தான். நுவரெலியாவுக்குப் போவோமா என்றார். குமணைக்குப் போவோம் என்றேன். கொழும்பில் சொந்தத்தில் கல்யாணம், பிறகு கடற்கரையும் பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இருக்கிறது, குமணைக்குப் போவோம் என்றேன். வேளாண்மை வெட்டி முடிந்தது, மழை வந்தது, மறுபடி விதைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். புலியைக் கண்டாயா என்று கேட்பவர்களுக்கு நான் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லுகிற கணவனும் விட்டுக்கொடுக்காத மனைவியும் என்று ஊரில் எங்களை வைத்துப் பகிடி பண்ணினார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கொண்ட பிடியை விடவில்லை.

இரண்டு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. ஒருநாள் அவர் கடையிலிருந்து வந்து, பொத்துவிலில் தெரிந்தவரிடம் ஜீப் பேசிவிட்டதாகச் சொன்னார். "ஆக்கள் வேணா. சோத்துக் கிடாரம் வேணா. அத்தர் வேணா. சரிதானே?" என்றார். சரி என்றேன். ஆனால் மதினியை மட்டும் தடுக்க முடியவில்லை. காட்டுக்குப் போகிற தம்பிக்குத் தான்தான் காவல் என்று அவர் முந்தின இரவே எங்கள் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்.

புறப்படுகிற நாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியபோதுதான் தெரிந்தது, எனக்குத் தொழுகை இல்லை. மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை விலக்கான நாள் அன்றுதான் தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் தேத்தண்ணி போட்டேன். ஆனால் மதினியின் கண்ணிலிருந்து தப்ப முடியுமா? என் தொழுகைப் பாய் சுருட்டியபடியே கிடந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"புள்ள, இண்டைக்கிப் பயணம் வேணா. காட்டில ஜின்னு இரிக்கி. இந்த உடம்போட போறதா? மிருகத்துக்கும் வாட புடிச்சிரும்."

கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேண்டாம் என்று சொல்ல நல்ல சாட்டுக் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பதறியது. நான் புர்தாவைச் சரிசெய்துகொண்டு போய் வானில் ஏறி உட்கார்ந்தேன். பொத்துவில் வரை எங்கள் வான், அங்கிருந்துதான் ஜீப்.

"எறங்கு கா," என்றார் மதினி.

"எறங்கமாட்டன் மதினி. அல்லாஹ்தான் தொழுகையத் தள்ளி வெச்சிருக்கான். காட்டுக்குப் போகாதெண்டு அவன் சொல்லல்ல."

ஆனால் மதினியும் லேசில் விடுகிறவரல்ல. இப்படியான நாளில் வெளியே போகிற பெண் கையில் இரும்பு வைத்திருக்கவேண்டும், அப்போதுதான் ஜின் அண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பசாரைத் தாண்டும்போது வானை நிறுத்தவைத்து, கடையைத் திறக்கவைத்து, என் கையில் ஒரு நாலங்குல ஆணியைத் தரச் சொன்னார். "இத வுட்டிராத. வூட்ட வாற வரைக்கும் கையில இரிக்கோணும்," என்றார். சரி என்று பொத்திப் பிடித்தேன். காட்டுக்குப் போக ஓர் ஆணிதான் விலை என்றால் ஒரு பெட்டி ஆணியையும் நான் சுமந்திருப்பேன்.

அன்று முழுக்கக் காட்டில் ஓடினோம். வழிகாட்டி வேறு ஆள், அதிகம் கதைக்காதவர். இந்தமுறை எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தோம். மதினிகூட உதட்டை மட்டும் அசைத்து ஓதினார். கரடி ஒன்று பாதையைக் கடந்தது, மான்கள் நின்றன, நாரைகள் கூட்டமாக எழுந்தன. புலி இல்லை. வெயில் உச்சிக்கு ஏறி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் நெஞ்சு அடித்துக்கொண்டது, திருப்பம் முடிந்ததும் அடங்கிப்போனது. இன்றைக்கும் காணாவிட்டால் இவர் இன்னொருமுறை கூட்டிவரமாட்டார். நானும் கேட்க முடியாது. சாகும்வரை இல்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியதுதான் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

பின்னேரம், கீழே இறங்க அனுமதி உள்ள ஒரு காட்டு பங்களாவில் ஜீப்பை நிறுத்தினார்கள். பங்களாவுக்குக் கிழக்கே வில்லு என்று அங்கே சொல்கிற சதுப்புக் குளம். வழிகாட்டி தேத்தண்ணி குடிக்கக் குசினிப் பக்கம் போனார். பயணத்தில் இருந்ததால் லுஹர், அஸர் இரண்டு நேரத் தொழுகையையும் சேர்த்துத் தொழலாம் என்று கணவர் சொன்னார். எல்லோரும் கைகால் கழுவி வுளுச் செய்தார்கள். மேற்குப் பக்க முற்றத்தில் பாய் விரித்து, கணவர் இமாமாக நிற்க, ஜீப் டிரைவர் அவருக்கு வலது பக்கத்தில் நின்றார். மதினி பின்னால் நின்றார். தொழுகை இல்லாத நான் ஜீப்பின் பின் ஆசனத்தில் தனியே இருந்தேன். அவர்களுடைய முதுகு என் பக்கம். என் முகம் வில்லின் பக்கம்.

முதல் தக்பீர் சொல்லிக் கைகட்டிச் சிறிது நேரம் போயிருக்கும். வில்லின் அக்கரைப் புல் விலகியது. காற்று என்று நினைத்தேன். பிறகு அது வெளியே வந்தது.

தன் வளவுக்குள் நடக்கிற வீட்டுக்காரரைப்போல வந்தது. அவசரமே இல்லை. சூடடித்துக் காய்ந்த வைக்கோலின் நிறம், அதன்மேல் கருத்த புள்ளிகள். சரிந்த வெயில் நேரே அதன்மேல் விழுந்ததால் தோளெலும்பு தோலுக்குக் கீழே ஏறி இறங்குவதுகூடத் தெரிந்தது. தண்ணீர் ஓரத்தில் முன்காலை மடித்துக் குனிந்து நக்கிக் குடித்தது. மூத்த காக்கா முற்றத்தில் செய்து காட்டியது சரிதான். உறுமவில்லை, பாயவில்லை. எனக்கு மூச்சு எடுக்கவே பயமாக இருந்தது.

அப்போது பின்னால் கணவரின் குரல், "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ்." முதல் தொழுகை முடிந்துவிட்டது. ஸலாம் கொடுக்க வலப்பக்கம் முகம் திருப்பியிருப்பார், பிறகு இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் போதும், கண்டுவிடுவார். அடுத்த தொழுகைக்கு எழும்புவதற்குள் ஒரு சிறு இடைவெளி இருந்தது. மச்சான் என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவர் கண்டால் என் சொல்லுக்குச் சாட்சி இருக்கும், ஊர் வாய் மூடும். ஆனால் கூப்பிட்டால் அது போய்விடும். புலி குடிப்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நம்புகிறவர் நம்பட்டும் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

பின்னால் இகாமத்துச் சொல்லி அடுத்த தொழுகை தொடங்கியது. புலி மறுபடி குனிந்து, ஆசைதீரக் குடித்துவிட்டு எழும்பிக் கரையோரமாக நடந்தது. வால் நுனி மட்டும் மேலே வளைந்திருந்தது. புல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகும் நான் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துஆ ஓதி முடித்துக் கணவர் ஜீப்புக்கு வந்தார்.

"கண்டன்," என்றேன்.

"என்னத்த?"

"புலி. வில்லுக்கு அக்கரையில. தண்ணி குடிச்சிட்டுப் போயிட்டுது."

"ஜின்னுகா அது!" என்று மதினி நெஞ்சில் கைவைத்தார். "தொழுகை இல்லாதவ கண்ணுக்குத்தான் காட்டும்."

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சத்தம் கேட்டு வந்த வழிகாட்டி, வேண்டுமானால் சுற்றிப்போய்க் கரைச் சேற்றில் அடி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றார். கணவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஆணியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேனோ, உள்ளங்கையில் அதன் தலை வட்டமாகப் பதிந்து சிவந்திருந்தது.

"பாக்கத் தேவல்ல," என்றார் வழிகாட்டியிடம். "ரெண்டு வருசத்துக்கு மேல காணல்ல காணல்லெண்டு சொன்னவ இவ. இப்ப கண்டனெண்டு சொன்னா கண்டதுதான்."

அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. புலியைக் கண்டபோதுகூட நான் அழவில்லை.

ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். உறுமினதா? இல்லை. வாலைச் சுழற்றினதா? இல்லை, நுனி மட்டும் வளைந்திருந்தது. எவ்வளவு பெரிசு? நீங்கள் சொன்னதில் பாதி. கோமாரி தாண்டும்போது, "நான் தொழுகையில நிக்கக்க ஏன் கூப்பிடல்ல?" என்றார். "கூப்பிட்டிரிந்தா நம்ம ரெண்டு பேரும் காணாம இரிந்திருப்பம்," என்றேன்.

அடுத்த நாள் காலை ஆணியைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். பின்பக்கத்தால்தான் போவேன். முன்னால் தேத்தண்ணிக் கடைக் கூட்டாளிகள் கூடியிருந்தார்கள். தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"என்ன, இந்த முறையும் புலி பாஞ்சதாமா?" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

கணவர் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"நான் புலி காணல்ல," என்றார். "இந்த முறையும் காணல்ல, முந்தின முறையும் காணல்ல. அது காஞ்ச கொப்பு. அவதான் கண்டா. எப்படி இரிந்திச்செண்டு தெரியோணுமெண்டா எங்கட வூட்ட வந்து அவக்கிட்டக் கேளுங்க."

யாரும் சிரிக்கவில்லை. நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். அன்று பின்னேரம் என் மெசினைச் சுற்றி இடமில்லாத அளவுக்குப் பெண்கள் வந்தார்கள். அளவு கொடுக்க ஒருத்தியும் வரவில்லை. அவர்களுடைய ஆண்கள் சிலரும் வந்து, உள்ளே வராமல் வேலிப் பக்கம் நின்று காது கொடுத்தார்கள். நான் கண்டதை மட்டும் சொன்னேன். பாதியில் அவரும் கடையை மூடிவிட்டு வந்து, வேலியருகே அந்த ஆண்களோடு நின்று கேட்டார்.

சில வருடங்களில் நாட்டு நிலைமை கெட்டு அந்தக் காட்டு வாசல் அடைபட்டது. அது திரும்பத் திறக்கும்வரை அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. ஒரு புலியைக்கூடக் காணாமலே போய்விட்டார். ஆனால் கடைசிவரை யாராவது குமணைக் கதை எடுத்தால், அவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு வசனம்தான் சொல்வார்.

"எங்கட வூட்டுல ஒராள் கண்டிரிக்கா."